பச்சை வண்டியின் முழுவேகம்

அந்த வருஷம் மார்த்தாண்டத்து டீக்கடைகளில் இரண்டே இரண்டு பேச்சுதான். ஒன்று, விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேருமா, இல்லை திருவிதாங்கூர்-கொச்சியிலேயே கிடந்து இழுபடுமா என்பது. மற்றது, ஜெயசிங் முதலாளியின் பந்தயக் கார் என்றைக்கு வந்து சேரும் என்பது. முதல் பேச்சில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள்கூட இரண்டாவது பேச்சு தொடங்கினால் ஒரே பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

ஜெயசிங் முதலாளிக்கு லாரிகள் இருந்தன, முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆபீஸ் இருந்தது, பெரிய வீடும் சபையில் முன்வரிசை நாற்காலியும் இருந்தன. இல்லாதது பிள்ளைதான். அந்தக் குறையைக் கார் வாங்கித் தீர்த்துக்கொள்கிறார் என்று ஊர் சொன்னது. இந்த முறை அவர் இங்கிலாந்துக்கு எழுதிப்போட்டு வரவழைப்பது சாதாரணக் கார் அல்ல. பந்தய மைதானத்தில் சுற்றுவதற்கென்றே செய்தது. ரெண்டு பேர் உட்காரலாம். கூரை கிடையாது, சாமான் வைக்க இடம் கிடையாது, கதவுகூடப் பேருக்குத்தான்.

"கூரை இல்லாத காருக்கா டே இந்தப் பாடு? மழ பெஞ்சா என்ன செய்வாரு?"

"மழத்துளி கீழ விழியதுக்குள்ள அது அடுத்த ஊருக்குப் போயிருமில்லா!"

இப்படிப் பதில் சொல்லிச் சிரிக்கவைத்தவன் ததேயுஸ். முதலாளியின் ஷெட்டில் அவன்தான் தலைமை டிரைவர், அவன்தான் மெக்கானிக். கடியப்பட்டணத்துக்காரன். அப்பா வழியில் அண்ணன் கட்டுமரத்தில் போக, இவன் மட்டும் யுத்தத்துக்குப் போய் எகிப்தில் பட்டாள லாரி ஓட்டினான். அங்கே ஒரு வெள்ளைக்கார ஆபீசர் சின்னதாக ஒரு பந்தய வண்டி வைத்திருந்தான். அதற்கு ஒருநாள் பிளக் மாற்றிக்கொடுத்ததற்குக் கூலியாக, பக்கத்தில் உட்காரவைத்துப் பாலைவனத்தில் ஒரு சுற்று கொண்டுபோனான். அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை. முப்பத்துமூன்று வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு அதுதான் காரணம் என்பார்கள். கட்டிலுக்கு மேலே அந்தோணியார் படமும், அதற்குப் பக்கத்தில் ஆங்கிலப் பத்திரிகையில் வெட்டிய கார் படமும் ஒட்டிவைத்திருக்கிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான்?

முதலாளி அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"வண்டி வரட்டு டே ததேயுஸ். பந்தயத்துல நீதான் ஓட்டணும். வேற ஒருத்தன் கை அதுல படாது, கேட்டியா?"

இந்த ஒரு வார்த்தையைத்தான் ஒரு வருஷமாக அவன் தின்று குடித்துக்கொண்டிருந்தான். அதற்குக் குறுக்கே நிற்கக்கூடியவன் ஒருத்தன்தான். முதலாளியின் தங்கை மகன் ஞானசிங். மதராசில் படித்து, பரீட்சையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு திரும்பியவன். "டிரைவர்மாரு லாரி ஓட்டட்டும் மாமா, இது படிச்சவன் ஓட்டுத வண்டி" என்று அவன் ஜாடையாகச் சொல்லிப்பார்த்தான். முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கார் கொச்சித் துறைமுகத்தில் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. ததேயுஸ்தான் போய்ப் பெட்டியை உடைத்தான். கரும்பச்சை நிறம். நீளமான மூக்கு, தரையோடு தரையாக வயிறு. சக்கரங்களில் கம்பிகள். அந்தக் கம்பிகளுக்குப் பின்னால் பிரேக் டிரம்மைச் சுற்றி வட்டவட்டமாகத் துளைகள். வேகத்தில் ஓடி அடிக்கடி பிரேக் போட்டால் டிரம் சூட்டில் பழுத்துப்போகும். அது ஆறுவதற்குக் காற்று உள்ளே போய்வர வேண்டும் என்று கண்டு செய்திருந்தார்கள். அந்தத் துளைகளை அவன் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப்பார்த்தான். செய்தவனை நேரில் கண்டால் காலில் விழுந்திருப்பான்.

ஆனால் ஊருக்குப் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. வண்டியோடு வந்த புத்தகத்தில், முதல் ஆயிரம் மைலுக்கு நாற்பது மைல் வேகத்தைத் தாண்டாதே என்று போட்டிருந்தது. புது எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் பைய உரசிப் பழக வேண்டும், அவசரப்பட்டால் ஆயுசுக்கும் கெட்டுப்போகும். ததேயுஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை, தக்கலையிலிருந்து நாகர்கோவில் என்று நாற்பதிலேயே போய் நாற்பதிலேயே வந்தான். பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழி விட்டான். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "என்னா டே, காரு முழுவாம இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவன் சிரித்துக்கொள்வான். நாற்பதிலேயே அவனுக்குத் தெரியும். வளைவில் கையை லேசாகத் திருப்பினால், நினைத்ததற்கு முன்னே திரும்பிவிடும். பிரேக்கில் கால் வைத்தால் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தமாதிரி நிற்கும். முன்னால் நீளமாகக் கிடக்கும் அந்த மூக்குக்குள் அவன் இன்னும் தொடாத அறுபது, எழுபது, நூறு எல்லாம் இருந்தன. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அவன் இருந்தான். அதைச் சொன்னவன் பந்தயக் கார் ஓட்டியிருக்கமாட்டான் என்பது என் அபிப்பிராயம்.

ஆயிரம் மைல் முடிகிற சமயத்தில் மலைத்தோட்டத்துத் துரைமார்கள் ஒரு வேகப்போட்டி வைத்தார்கள். கொட்டாரம் தாண்டிக் கன்னியாகுமரிக்குப் போகிற காங்கிரீட் ரோடு நேராகக் கிடக்கிற இடம். ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். முழுவேகத்தில் போய், கடைசியில் வைத்திருக்கும் தார் டின்னைச் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். யாருக்கு நேரம் குறைவோ அவனுக்குக் கோப்பை. ததேயுசுக்குக் கோப்பையெல்லாம் முதலாளி வீட்டு அலமாரிச் சமாச்சாரம். அவனுக்கு வேண்டியது அந்த நேர்ரோடு. ஒரே ஒரு தடவை, கால் தரையைத் தொடுகிற வரைக்கும் மிதிக்க வேண்டும்.

போட்டிக்கு முந்தின நாள் அவன் முதலாளியிடம் போய் நின்றான்.

"முதலாளி, ஊருக்குக் கொண்டுபோய் எங்க பங்குச் சாமியார் கையால ஒரு மந்திரிப்பு வாங்கிட்டு வாறேன். புது வள்ளம்னாலும் மந்திரிக்காம நாங்க கடல்ல எறக்க மாட்டோம்."

முதலாளி சீர்திருத்தச் சபைக்காரர். தீர்த்தம் தெளிப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். "ஓ, போயிட்டு வா. நாளைக்குக் காலத்த நேரே பந்தய எடத்துக்கு வந்து சேந்துரு" என்றார்.

உள்ளதைச் சொன்னால் மந்திரிப்பு ஒரு சாக்குதான். கடியப்பட்டணத்துக்காரர்கள் பார்க்க வேண்டும். கடலுக்குப் போகத் தெரியாதவன் என்று சின்ன வயதில் சிரித்த வாயெல்லாம் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் மேலே அண்ணன் மரியஜான் பார்க்க வேண்டும். அப்பா கடலோடு போனபிறகு, இவன் கட்டுமரத்தில் ஏறி வாந்தி எடுத்ததைக் கண்டு, "நீ இதுக்கு ஆவாது மக்கா, பள்ளிக்கூடத்துக்குப் போ" என்று இறக்கிவிட்டவர் அவர்தான். இவன் பங்குத் துடுப்பையும் சேர்த்து அவரே வலித்தார்.

கோயில் முன்னால் வண்டி வந்து நின்றபோது கடற்கரை முழுக்கத் திரண்டது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். பிறகு அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில், வலை காயப்போடுகிற ஓலைக்கொட்டகையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். மரியஜான் உடனே கிட்டே வரவில்லை. கிணற்றடிக்குப் போய்க் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்துதான் தொட்டார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"இந்த ஓட்டயெல்லாம் எதுக்கு டே?"

"காத்து உள்ள போவதுக்குண்ணே."

"காத்தா? இந்தக் காத்தா? உள்ள எல்லாம் பெயிண்டு அடிக்காத பச்ச இரும்பால்லா இருக்கு!"

அந்தப் பக்கம் நாலு பேர், நூறு மைல் வேகத்தில் மூச்சு விட முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ததேயுஸ் அவர்களுக்குப் பதில் சொல்லுகிற உற்சாகத்தில், "ஆமாண்ணே, காத்துதான்" என்று தலையைத் திருப்பாமலே சொன்னான். அப்போது ஒரு நிமிஷம் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. மறுநாளைக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்று, சாப்பிட்டதும் படுத்துத் தூங்கியும் விட்டான்.

விடிந்து வந்து பார்த்தால் வண்டி கண்ணாடிபோல மின்னியது. அண்ணன் கண்கள் சிவந்திருந்தன. "நான் பாத்து வச்சிருக்கேன் மக்கா, ஒரு பொட்டு துரு ஏறாது. தைரியமாட்டு போ" என்று தோளில் தட்டினார். ராத்திரி காவல் இருந்ததைச் சொல்கிறார் என்று இவன் நினைத்துக்கொண்டான். மீன்வாடை அடித்தது. கடியப்பட்டணத்தில் மீன்வாடை அடிக்காமல் மல்லிகையா மணக்கும்? அதில் பிறந்து அதில் வளர்ந்த மூக்குக்கு அது தெரியவே இல்லை.

மணவாளக்குறிச்சியை நெருங்கும்போது, கருமணல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று பக்கத்துச் சின்ன ஒழுங்கையிலிருந்து ரோட்டில் ஏறியது. ததேயுஸ் பிரேக்கை மிதித்தான். பிரேக் பிடிக்கவில்லை. வண்டி அது பாட்டுக்குப் போனது. கியரை இறக்கி, கைபிரேக்கை இழுத்து, வண்டியை ஓரத்து மணலில் விட்டுத்தான் நிறுத்த முடிந்தது. மாட்டுக்காரன் இவன் தலைமுறையையே சந்திக்கு இழுத்துத் திட்டிவிட்டுப் போனான்.

இறங்கிப் பார்த்தான். முன்சக்கரத்தில், டிரம்மின் துளை வழியாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனபோதுதான் புரிந்தது. சுறா எண்ணெய்.

கடற்கரையில் இரும்பு என்று எது இருந்தாலும், நங்கூரமோ தூண்டில் முள்ளோ சைக்கிள் சங்கிலியோ கதவுத் தாழ்ப்பாளோ, அதற்குச் சுறா எண்ணெய் தடவாமல் ராத்திரி விடமாட்டார்கள். உப்புக்காற்று ஒரே ராத்திரியில் இரும்பைத் தின்னும். அண்ணன் வண்டியின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து மினுக்கிவிட்டு, காற்று உள்ளே போகும் என்று தம்பி சொன்ன ஒவ்வொரு துளையிலும் தேங்காய்ச் சிரட்டையால் எண்ணெய் ஊற்றியிருந்தார். நாலு சக்கரத்துக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் ஊற்றியிருந்தார். வெண்ணெய் திரண்டுவரும்போது தாழியை உடைப்பது பகையாளி மட்டும்தான் என்று யார் சொன்னது?

ஜாக்கி வைத்துச் சக்கரங்களைக் கழற்றினான். பெட்ரோலை ஊற்றிக் கழுவினான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியைக் கிழித்துத் துடைத்தான். டிரம்மைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பிரேக் லைனிங் எண்ணெயைக் குடித்து ஊறிப்போயிருந்தது. அதைத் தீயில் வாட்டிப்பார்த்தான். வாட்ட வாட்ட உள்ளிருந்து எண்ணெய் கசிந்ததே தவிர, காயவில்லை. புது லைனிங் மதராசில் இருக்கும், இல்லை இங்கிலாந்தில் இருக்கும். மறுபடியும் மாட்டி ஓட்டிப்பார்த்தான். இருபதில் போனால் தள்ளாடி நின்றது. நாற்பதில் நிற்கவில்லை.

போகிற வழியெல்லாம் அவன் மனசு ஒன்றையே சொன்னது. யாருக்குத் தெரியும்? சொல்லாமல் ஓட்டிவிடு. அந்த நேர்ரோட்டில் முழுவேகம் கிடைக்கும். அதற்கப்புறம் கியரை இறக்கி எப்படியாவது திருப்பிக்கொள்ளலாம், கர்த்தர் விட்ட வழி. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் ஓட்டுவதென்றே முடிவு செய்துவிட்டான். கொட்டாரம் தாண்டி, தார் டின் வைத்திருந்த இடத்தைக் கடந்துதான் துரைமார் பந்தலுக்குப் போக வேண்டும். அந்த டின்னுக்கு நேர் பின்னால், வண்டி திரும்புவதை நன்றாகப் பார்க்கலாம் என்று, பெண்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்த பிறகு அவனால் முடியவில்லை.

பந்தலுக்கு முன்னால் வண்டி நின்றதும் கைதட்டல் எழுந்தது. துரைசானிமார் இரண்டு பேர் ஆசையாகக் கிட்டே வந்தார்கள். வந்த வேகத்தில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். பெட்ரோலில் கழுவி, தீயில் வாட்டிய சுறா எண்ணெய் எப்படி நாறும் என்று தெரியாதவர்களுக்கு என்னால் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஒரு துரை ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஜெயசிங் முதலாளியின் முகம் கறுத்தது. "என்ன டே இது?"

ததேயுஸ் எல்லாவற்றையும் சொன்னான். பிரேக் பிடிக்காது, இன்றைக்கு ஓட்டக்கூடாது, ஓட்டினால் ஆட்கள்மேல் போய் ஏறும் என்றான்.

"எவன் ஊத்தினான்?"

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு, "எங்க அண்ணன். வண்டிக்கு நல்லதுன்னு நெனச்சு..." என்றான்.

ஞானசிங் வாய்விட்டுச் சிரித்தான். "நான் அப்பமே சொன்னேன் மாமா. எத்தன சோப்பு போட்டுக் குளிச்சாலும் இவனுவளுக்க நாத்தம் போவாது. பந்தயக் காருக்கே மீன் நாத்தம் ஏத்திட்டானுவ."

முதலாளி அவனை அதட்டவில்லை. சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். ஒரு வருஷமாக டமாரம் அடித்தாயிற்று. இப்போது வண்டியைத் திருப்பிக் கொண்டுபோனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? "பைய ஓட்டினா நிக்குமா?" என்று கேட்டார்.

"இருபதுல நிக்கும் முதலாளி. அப்படின்னா நானே பைய..."

"நீ எறங்கு. இனி இந்த வண்டியில நீ ஏறண்டாம்."

சாவியை வாங்கி ஞானசிங்கிடம் கொடுத்தார்.

அவன் ஓட்டினான். டின்னை நெருங்குகிற பயத்தில் தொடக்கத்திலிருந்தே மாட்டுவண்டிபோல ஓட்டினான். அறுபது வயதுத் துரை ஒருவருடைய பழைய டப்பாக் கார், இதைவிடப் பாதி நேரத்தில் போய்த் திரும்பி வந்தது. கூட்டம் ஊளையிட்டது. "இதுக்கா டே ஒரு வருசம் காத்துக்கெடந்தோம்? சவம், நம்ம பஸ்ஸு இத முந்திரும்!" என்று ஒருத்தன் கத்தினான். ததேயுஸ் பந்தலுக்குப் பின்னால் ஒரு பனை மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். அந்த வண்டியால் என்ன முடியும் என்று அந்தக் கூட்டத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவனுக்குக்கூடத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் ஆயிரம் மைல் பொறுத்திருந்தான்.

பஸ் பிடித்து மணவாளக்குறிச்சியில் இறங்கி, வெயிலில் நடந்து ஊருக்குப் போனான். அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகவில்லை. செய்தி கேட்க எல்லாரும் கொட்டகையில் கூடியிருந்தார்கள். மரியஜான் வெள்ளைச்சட்டை போட்டு முன்னால் நின்றார். வண்டி இல்லாமல் தம்பி நடந்துவருவதைக் கண்டும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே ஓடிவந்தார்.

"எத்தன மைலு மக்கா போச்சு? ஒரு பொட்டு துரு இல்லேல்லா?"

 ததேயுசுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தன. பிரேக்கைப் பற்றிச் சொல்லலாம், லைனிங்கைப் பற்றிச் சொல்லலாம், தான் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னதைச் சொல்லலாம். வெளியே வந்தது வேறு.

"எத்தன சோப்பு போட்டுக் குளிச்சாலும் உங்க நாத்தம் போவாது! எனக்க வாழ்க்கைக்கே மீன் நாத்தம் ஏத்திட்டியளே!"

 'உங்க' என்று சொல்லிவிட்டானே தவிர, அதற்குள் தானும் இருந்ததை அவன் வாய் மறந்துவிட்டது. மரியஜானின் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாததுபோலக் கொஞ்ச நேரம் முகத்தில் நின்றது. பிறகு இவன் கிழித்துக் கட்டியிருந்த வேட்டியையும், கரி பிடித்த கையையும் பார்த்து, எண்ணெயால் ஏதோ கெட்டுப்போயிற்று என்றமட்டும் புரிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியாமப் போச்சு மக்கா" என்றார். "நம்ம பிள்ளையளுக்கு நெஞ்சுச்சளி வந்தாலும் அதத்தானே தேய்ப்போம். உனக்கும் தேச்சிருக்கேன்."

ததேயுஸ் திரும்பி நடந்தான். அவனைப் பிறகு லாரிக்குப் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து முதலாளி அந்தக் காரைக் கொச்சியில் யாருக்கோ விற்றார். அதைத் தார்ப்பாய் போட்டுக் கட்டி ஏற்றிக்கொண்டுபோன லாரியை ஓட்டியவன் இவன்தான். போகிற வழியெல்லாம் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குத்தான் மறுபடி ஊருக்குப் போனான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல் தேடிக்கொண்டு போனான். அண்ணன் கரையில் வலை மடித்துக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தார். வேகமாக நாலு எட்டு வைத்தவர், பாதியில் நின்றார். கடலிலிருந்து அடித்த காற்று அவர் மேல் பட்டு இவன் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்துவிட்டு, மெல்லச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். காற்று முதலில் தம்பி மேல் பட்டுப் பிறகு தன்மேல் படுகிறபடியாக, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டார்.